இணைச்சீருக்கு வந்த ஐஸ் பார்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேனுங்க. நான் அஞ்சாவதோடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஒன்றை எழுதப் போய் இன்னொன்றுக்குள் நுழைந்துவிடுவேன். வருஷம், தேதி எதுவும் மனசில் தங்குவதில்லை. போன வாரம் இதே பக்கத்தில் எங்கள் கோழிக் குஞ்சுகளைப் பற்றி எழுதியதில் தடுப்பு மருந்தை எத்தனையாவது நாள் ஊற்றுவது என்பதையே மாற்றி எழுதிவிட்டேன் என்று பல்லடத்திலிருந்து ஒருவர் கடுதாசி போட்டிருந்தார். அவர் சொன்னதுதான் சரி.

ஆனால் இந்த வாரம் எழுதப்போவது மறக்கவில்லை. இதை எடுத்தாலே எனக்கு இப்பவும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். பயத்தில் இல்லீங்க, சந்தோஷத்தில்.

அண்டாவுக்குள் ரெண்டு கால்

பொள்ளாச்சியில் ஒரு கல்யாண மண்டபம். வைகாசி மாசம். மேடைக்குப் பின்னால் வாழைத்தார், தேங்காய் மூட்டையெல்லாம் போட்டு வைத்திருக்கிற ஒரு அறை. அதற்குள் ஒரு இரும்பு நாற்காலி. நாற்காலியில் நான்.

அரக்குப் பட்டுச்சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகியிருக்கிறேன். ரெண்டு காலும் ஒரு பித்தளை அண்டாவுக்குள் இருக்கிறது. அண்டாவில் தண்ணீர், தண்ணீரில் ஐஸ் கட்டிகள். கழுத்தைச் சுற்றி ஈரத் துண்டு. தலை நிறைய மல்லிகைப்பூ. அந்தக் கோலத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

கதவிடுக்கில் ஒறம்பரையாக, விருந்துக்கு வந்த பொம்பளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, மாப்பிள்ளையோட அக்கா என்ன பண்ணுது?"

"கால் கழுவுதாட்ட இருக்குதுங்க."

"கால் கழுவறதுக்கு எதுக்குங்க ஐஸு? கோயமுத்தூர்க்காரங்க எல்லாமே ஒரு தினுசுதான் போங்க."

எனக்கு வெட்கத்தில் முகமெல்லாம் எரிந்தது. எங்கள் வீட்டுக்காரர் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் அண்டா பக்கத்தில் குத்தவைத்து வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் பத்து நிமிசம், அம்மிணி. காலை எடுத்துப்போடாத."

இன்னும் கொஞ்ச நேரத்தில் என் தம்பி பழனிக்கு இணைச்சீர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவனோடு நின்று செய்கிற சீர் அது. கூறைச்சேலையைக் கொசுவி ஒரு முனையை அவனிடமும் இன்னொரு முனையை அவளிடமும் கொடுப்பார்கள். பேழை என்று ஒரு மூங்கில் கூடையும் அவள் கையில் இருக்கும். முறை எல்லாம் முடிகிற வரைக்கும் அவள் நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

எனக்கு ஒரே தம்பி. அவனுக்கு ஒரே அக்கா. நான் நிற்க வேண்டும். அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அது ஒரு காரியமே இல்லை. எனக்கு மலை.

தார் ரோட்டில் ஒரு செருப்பு

அதற்கு மூணு நாலு வருஷம் முன்னால் ஒரு நாள் சந்தைக்குப் போய்விட்டுப் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பொம்பளை கூப்பிட்டாள்.

"ஏனுங்கக்கா! ஒத்தைச் செருப்போட எங்கீங்க போறீங்க?"

குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. அது தூரத்தில் ரோட்டோரம் கிடக்கிறது. உச்சி வெயில். தார் இளகிக் கிடந்தது. அவ்வளவு தூரம் வெறுங்காலில் மிதித்து வந்திருக்கிறேன், சூடே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதத்தில் கொப்புளம்.

அப்புறம் ஒரு கண்ணில் புகை மூட்டின மாதிரி ஆயிற்று. கொஞ்ச வாரத்தில் அதுவாகவே தெளிந்தது. அப்புறம் இடது கை மரத்தது. நடந்தால் கால் பின்னியது. எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. "குடிச்சவளாட்ட நடக்கறா" என்று தெருவில் பேசினார்கள். நான் வெளியில் போவதையே விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு அக்கா. நான் நங்கையா என்று கூப்பிடுவேன். அடுத்த தெருவில்தான் வீடு. அவர் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார். "இது வாதம். சூட்டைப் போட்டாத்தான் எறங்கும்."

தினமும் வேலியோரம் போய் நொச்சித்தழை ஒடித்து வந்து, அண்டா நிறையத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, பொறுக்கிற சூட்டில் எனக்குத் தலையோடு வார்த்துவிடுவார். பாவம், அடுப்புப் புகையில் அவர் கண் சிவந்து கிடக்கும். எனக்காக அவ்வளவு பாடுபட்டார்.

தண்ணி வார்த்து முடித்ததும் என்னால் எழுந்து நிற்கவே முடியாது. கால் துணி மாதிரித் துவளும். கண் மங்கும். ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைப்பார்கள். "பாத்தீங்களா, வாதம் ஒடம்பை உட்டு எறங்குது, அதான் இந்த அசதி" என்பார் நங்கையா. அடுத்த நாள் தண்ணீர் இன்னும் கொஞ்சம் எச்சாகக் கொதிக்கும்.

இப்படியே ரெண்டு வருஷம்.

நடுவில் ஆனைமலைக்கும் கூட்டிக்கொண்டு போனார். மாசாணியம்மன் கோயிலில் மொளகா அரைத்துப் பூசினால் கெடுதல் செய்தவர்களை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று எல்லாருக்கும் தெரியும். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நங்கையாவுக்கு ஒரு சந்தேகம். நான் உட்கார்ந்து அரைத்தேன். யாரை நினைத்து அரைப்பது என்றுதான் தெரியவில்லை. எனக்கு யாருமே கெடுதல் செய்யவில்லையே. "யாருன்னு நீயே பாத்துக்க தாயி" என்று சொல்லிவிட்டு அரைத்தேன்.

அரைத்து முடித்ததும் வலது கை தீயாக எரிந்தது. இடது கை எரியவே இல்லை. ரெண்டு கையிலும் அதே மொளகாதான். நங்கையா என் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பஸ்ஸில் வரும்போதுதான், "என்ற தம்பிகிட்டச் சொல்லி டவுன்ல பெரிய டாக்டரைப் பாக்கலாம், கண்ணு" என்றார். ஆக, டாக்டரிடம் என்னை அனுப்பியதே அந்தக் கோயில்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வார்னிஷ் போன கம்பி

கோயமுத்தூரில் நரம்புக்கென்று இருக்கிற டாக்டர். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஒரு குழாய்க்குள் படுக்கவைத்துத் தள்ளினார்கள். உள்ளே ரைஸ்மில் ஓடுகிற சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் எத்தனை முட்டை இருக்கிறது, எந்தக் கோழி அடைகாக்கிறது என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு ஒரு பெயர் சொன்னார். எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். எழுத்துக்கூட்டிப் படிக்கவே எனக்கு அரை நாள் ஆயிற்று. அஞ்சாவது படித்தவளுக்கு வந்த சீக்கின் பேரைப் பாருங்களேன்.

"இதை அடியோட குணமாக்கற மருந்து இல்லைம்மா" என்றார் டாக்டர். "ஆனா இது உடனே உயிரை எடுக்கிற வியாதியும் இல்லை. வரும், விலகும். பல பேர் வருஷக்கணக்கா நல்லா இருக்காங்க. மூளையில இருந்து காலுக்குக் கையிக்கெல்லாம் சேதி கொண்டுபோற நரம்பு மேல ஒரு உறை இருக்கு. அது உங்களுக்கு அங்கங்க உரிஞ்சிருக்கு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்திலிருந்த எங்கள் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க டாக்டர், மோட்டார் காயில் கம்பியில வார்னிஷ் போனாப்பலங்களா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

"கெணத்து மோட்டாருக்குக் காயில் கட்றனுங்க. இருபது வருசமா அதுதானுங்க."

"அப்படியேதான். வார்னிஷ் போன கம்பிதான்" என்று டாக்டர் சிரித்தார்.

இவர் விடவில்லை. "அப்பச் சூடானா இன்னும் மோசமாகுமுங்களே? எங்க மோட்டாரு சூடேறுனா நின்னுபோகும். ஆறுனா மறுபடி ஓடும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என்னைப் பார்த்துக் கேட்டார். "சுடுதண்ணியில குளிக்கிறீங்களா?"

நானும் எங்கள் வீட்டுக்காரரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சூடு நோயை வளர்ப்பதில்லையாம். ஆனால் உடம்பு சூடேறினால் இருக்கிற குறையை எல்லாம் பெரிசாக்கிக் காட்டுமாம். ஆறினால் பழையபடி ஆகுமாம். அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பாட்டிலில் மருந்து ஏற்றினார்கள். "இனிமேல் வெதுவெதுப்புக்கூட வேண்டாம், பச்சைத் தண்ணியே போதும்" என்று அனுப்பினார்கள்.

பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவே முடியவில்லை. "ரெண்டு வருசமா நங்கையா என்னைய வேகவெச்சிருக்குதுங்க மாமா!" என்றேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ரெண்டு பேரும் அழுதோம். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். குணமாகாத வியாதி என்று கேட்டுவிட்டு வருகிறவர்கள் என்று யார் நம்புவார்கள்? ஆனால் எங்களுக்கு அதற்கு ஒரு பேர் கிடைத்துவிட்டது. குடிச்சவளும் இல்லை, செய்வினையும் இல்லை. வார்னிஷ் போன கம்பி. அவ்வளவுதானே!

அடுத்த நாள் பச்சைத் தண்ணியில் குளித்தேன். குளித்துவிட்டு நானே நடந்து வந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டுதான். ஆனால் என் காலில். வாசற்கேட் வரைக்கும் போய்த் திரும்பினேன். மறுபடியும் போனேன். ஈரத் தலையோடு நாலு தடவை நடந்தேன்.

நங்கையாவுக்குச் சேதி தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "இனிமே நான் சுடுதண்ணி வெச்சா என்ற கையை ஒடைச்சுப்போடு" என்றார். நொச்சித்தழையைக் கண்டாலே அதற்கப்புறம் அவருக்கு ஆகாது.

"நீ உழுந்தா நானும் உழுகறேன்"

பழனிக்குப் பெண் பார்த்து நாள் குறித்தார்கள். ஆனைமலையிலிருந்து எங்கள் சித்தப்பா வந்தார்.

"ருக்கு, உனக்கு எதுக்குக் கண்ணு செரமம்? இணைச்சீருக்கு என்ற பொண்ணு நிக்கட்டும். அவளும் அவனுக்கு அக்காதானே. மேடையில நீ பாட்டுக்கு உழுந்துட்டா பொண்ணு ஊட்டுக்காரங்க நாலு விதமாப் பேசுவாங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. நான், "செரிங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டேன். பெரியவர்கள் முன்னால் எனக்கு வாயே வராது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், பதில் தெரிந்தாலும் தரையைப் பார்த்து நிற்பேன். சித்தப்பா போனதும் சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சேதி கேட்டுப் பழனி அன்றைக்குப் பொழுதோடவே வந்துவிட்டான்.

"நீ நிக்கிலீன்னா எனக்கு அந்தச் சீரே வேண்டாம்."

"நடுவுல உழுந்துபோட்டா என்னடா பண்றது?"

"நீ உழுந்தா நானும் கூட உழுகறேன். வீடியோவுல நல்லாருக்கும்."

"வெளையாடாத சாமி."

"சின்னதுல என்னைய இடுப்புல தூக்கிட்டுப் போயி வாய்க்கால்ல போட்டியே, அப்ப நான் ஏதாச்சும் சொன்னனா? மூக்குல இருக்கற தழும்பு இன்னும் போகுல. வந்து நில்லு, பேசாத."

இப்படி ஒரு தம்பி இருந்தால் என்ன செய்வது?

எங்கள் வீட்டுக்காரர் மோட்டாரைச் சோதிக்கிற மாதிரியே என்னையும் சோதித்தார். கையில் ஒரு கூடையைக் கொடுத்து நிற்கவைத்துவிட்டு வாட்ச்சைப் பார்ப்பார். வெக்கையில் சும்மா நின்றால் ஆறு நிமிசத்தில் இடது முழங்கால் நடுங்கியது. காலை ஐஸ் தண்ணியில் வைத்திருந்துவிட்டு, ஈரத் துண்டு போட்டு நின்றால் கால்மணி நேரம் தாங்கியது. "கால்மணி போதும்" என்றார். "சீரு அதுக்குள்ள முடிஞ்சுரும்."

அதனால்தான் கல்யாணத்தன்று காலையில் ஒரு முழு ஐஸ் பாரை மரத்தூளில் புதைத்துச் சாக்கில் சுற்றி, மொபெட்டில் கட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். சொட்டுச் சொட்டாக ரோடெல்லாம் கோடு போட்டுக்கொண்டு வந்ததாம்.

மைக்கில் என் குரல்

இப்போது மறுபடியும் அந்த அண்டாவுக்கு வருகிறேன்.

ஐஸ் இருக்கிறது என்று தெரிந்ததும் சமையல்காரர் சர்பத்துக்குக் கேட்டு ஆளுக்கு மேல் ஆள் அனுப்பினார். பாதி போயே போய்விட்டது. மீதியைக் காப்பாற்ற நங்கையா என்ன செய்தார் தெரியுமா? சாக்கு மூட்டை மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்! பட்டுச்சேலை பின்பக்கமெல்லாம் தெப்பலாக நனைந்துவிட்டது.

"ஏனுங்கம்மா, ரெண்டே ரெண்டு கட்டி குடுங்க. பொண்ணு ஊட்டுக்காரங்க வெய்யில்ல வந்திருக்காங்க."

"அவிங்களுக்கு மோரு குடுங்க. இது என்ற தம்பி பொண்டாட்டி காலு. தர மாட்டேன்."

ரெண்டு வருஷம் எனக்குச் சுடுதண்ணி காய்ச்சிய அதே நங்கையாதான்.

கூப்பிட்டார்கள். மேடையில் ஈரத் துண்டு எப்படி என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். கால் சில்லென்று கெட்டியாக, என்னுடைய காலாகவே இருந்தது. மேடைக்கு மூணு படி. ஏறிவிட்டேன்.

பழனி பக்கத்தில் நின்றேன். சீர் செய்துவைக்கிற பெரியவரை எங்கள் பக்கம் அருமைக்காரர் என்போம். அவர் சேலை முனையை என்னிடம் கொடுத்தார். பேழையும் கைக்கு வந்தது. மேளம் கொட்டியது. பழனி மூக்குத் தழும்பைத் தடவிக் காட்டிக் கண்ணடித்தான். எனக்குச் சிரிப்பும் பெருமையும் தாங்கவில்லை.

அப்போதுதான் வீடியோக்காரர் வந்தார். தோளில் பெரிய காமிரா, கூட ஒரு லைட். அந்தக் காலத்து வீடியோ லைட் எப்படி இருக்கும் என்று கல்யாணம் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடுப்பைத் தூக்கி மூஞ்சிக்கு நேராகப் பிடித்த மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் யோசித்து வைத்த எங்கள் வீட்டுக்காரர் இதை யோசிக்கவில்லை.

வெளிச்சம் என் மேலே விழுந்தது. கழுத்தில் வேர்வை ஓடியது. கண்ணில் அந்தப் பழைய புகை வந்தது. எதிரில் இருந்த கூட்டம் கலங்கலாகத் தெரிந்தது. இடது முழங்கால் லேசாக நடுங்கியது.

அருமைக்காரர் பாதி முறையில் இருந்தார். எங்கள் வீட்டுக்காரர் கூட்டத்துக்குப் பின்னால் எங்கோ. நங்கையா மூட்டைமேல். மண்டபம் நிறைய ஆம்பளைகள், பெரியவர்கள். முன் வரிசையில் சித்தப்பா. நான் நாலு பேர் முன்னால் உரக்கப் பேசியதே இல்லை. கையில் பேழை. முழங்கால் இன்னும் வேகமாக நடுங்கியது.

விழுவதா, கத்துவதா?

கத்திவிட்டேன்!

"ஏனுங்க வீடியோக்காரரே! அந்த லைட்டை அணைச்சுப்போடுங்க!"

அருமைக்காரருக்கு முன்னால் மைக் இருந்ததை நான் மறந்துவிட்டேன். மண்டபம் முழுக்க என் குரல் அலறியது. பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டதாம். மேளம் நின்றுவிட்டது.

வீடியோக்காரர் திகைத்துப்போனார். "லைட்டு இல்லீன்னா படம் உழுகாதுங்கக்கா."

"படம் உழுகாட்டிப் போச்சாதுங்க! நான் உழுகக் கூடாது!"

அப்புறம் பழனி சிரித்தான் பாருங்க, அவனோடு மண்டபமே சிரித்தது. லைட் அணைந்தது. நங்கையா ஈரத் துண்டோடு ஓடி வந்து என் கழுத்தில் போட்டார். முதுகு வழியாகத் தண்ணீர் இறங்கியது. ஆஹா! அந்தக் குளிர்ச்சியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். மேளக்காரர் முன்னைவிடப் பலமாக அடித்தார். முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கண்ணில் புகை விலகியது. முதலில் தெரிந்தது சித்தப்பா முகம். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

"அக்கா" என்று பழனி காதோரம் சொன்னான். "சீரு அப்பவே முடிஞ்சுது. உக்காரு."

"சித்த நேரம் இருடா" என்றேன்.

கேசட்டில் ஒரு இருட்டு

அப்புறம் எத்தனையோ தடவை அந்த வியாதி வந்தது, போனது. இப்போது கைத்தடி இல்லாமல் நடக்க முடிவதில்லை. இடது கை இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. பச்சைத் தண்ணியை மட்டும் விடவில்லை. எனக்கு ஒத்துக்கொண்டது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல மாட்டேன், அவரவர் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்க. ஆனால் காலையில் முதல் சொம்புத் தண்ணி தலையில் விழும்போது, இன்றைக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்று எனக்கு ஒரு ஆசை கிளம்பும். அது இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தப்பியதில்லை.

பழனியின் கல்யாணக் கேசட்டில் எல்லாம் பளிச்சென்று இருக்கும். பந்தல், பந்தி, தாலி எல்லாம். என் இடம் வரும்போது மட்டும் இருட்டு. மேளமும் சிரிப்பும் என் சத்தமும்தான் கேட்கும். மெஷின் ஓடிய வரைக்கும் யார் வீட்டுக்கு வந்தாலும் அவன் அந்த இருட்டைத்தான் முதலில் போட்டுக் காட்டுவான்.

இப்போது ஒரு உதவி வேண்டுமுங்க. அன்றைக்கு வந்திருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் நான் எழுதியது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்க. சேலையின் எந்த முனை யார் கையில் என்பது எனக்குக் குழப்பம். பேழையைத் தலையில் வைத்தார்களா, இடுப்பிலா என்பதும் மறந்துவிட்டது. எவ்வளவு நேரம் நின்றேன் என்பதிலும் சண்டை. பழனி பன்னிரண்டு நிமிசம் என்கிறான். எங்கள் வீட்டுக்காரர் வாட்ச் பார்த்தேன், பதினேழு என்று சாதிக்கிறார். எங்களிடம் கேசட் பத்திரமாக இருக்கிறது, போட்டுப் பார்க்கிற மெஷின்தான் கெட்டுவிட்டது. மெஷின் வைத்திருப்பவர்கள் யாராவது வாங்கிப் போட்டு அந்த இருட்டைக் கொஞ்சம் எண்ணிச் சொல்லுங்க. கூடவே, யாராவது விழுந்த சத்தம் அதில் கேட்கிறதா என்றும் கவனித்துக் கேளுங்க. கேட்காதுங்க.